ஊட்டி ரயில் எந்தக் காலத்தில் லாபத்தில் ஓடியது?

2018 வரைக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் போக 15 ரூபாய். ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட ஆகிற காசு. அந்தக் காசுக்கு 46 கிலோமீட்டர், 16 குகைகள், சின்னதும் பெரிசுமாக 250 பாலங்கள், 208 வளைவுகள். காலை 7.10-க்கு ஏறி உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் ஊட்டி. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறுகிற வண்டி.

மாப்பிள்ளையூரணியில் எனக்குத் தெரிந்த உப்பளக்காரர் ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் எதையும் முதல், கூலி, வண்டிச் சத்தம், மிச்சம் என்றுதான் பார்ப்பார். "நஷ்டம்னா மூடிற வேண்டியதுதானலே? நாங்க உப்பு விலை எறங்குனா பாத்திய சும்மா போட்டுருதோம்லா" என்றார். நியாயமான கேள்வி. இதே கேள்வியை ரயில்வே கணக்கு அதிகாரிகளும் ரொம்ப காலமாகக் கேட்டு வருகிறார்கள். வார்த்தைதான் வேறே.

ஆனால் "நஷ்டம் வந்தால் மூடு" என்று சொல்ல, ஒரு காலத்தில் லாபம் வந்திருக்க வேண்டும், இப்போது அது போய்விட்டது என்று இருக்க வேண்டும், இல்லையா? நீலகிரி ரயிலின் கதையை முதலிலிருந்து படித்தால் அப்படி ஒரு பொற்காலம் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. அந்த ரயில் பிறந்ததே ஒரு திவாலில்தான்.

மலைக்கு ரயில் போடலாம் என்ற பேச்சு 1854-லேயே வந்துவிட்டது. அதாவது சென்னையில் முதல் பயணிகள் ரயில் ஓடுவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே. பேச்சு பேச்சாகவே கிடந்தது. 1882-இல் ரிக்கன்பாக் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் நீலகிரிக்கு வந்தார். ரிகி என்ற மலைக்குப் பல் தண்டவாளம் போட்டு 1871-இல் ரயில் ஓட்டிக் காட்டியவர். அவர் கொடுத்த மதிப்பீடு 1,32,000 பவுன். உடனே "நீலகிரி ரிகி ரயில்வே கம்பெனி" என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பேரிலேயே சுவிஸ் மலை இருந்தது. பணம்தான் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் வரும்படி எப்படி என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் முதலில் ரயில் போட்ட பிரிட்டிஷ் கம்பெனிகள் எல்லாம் "கேரண்டி" என்ற ஏற்பாட்டில் வந்தவை. லண்டனில் பங்கு வாங்குகிறவருக்கு வருஷத்துக்கு 5 சதவீதம் உறுதி. ரயில் அவ்வளவு சம்பாதித்தால் சரி. சம்பாதிக்காவிட்டால் மிச்சத்தை இந்திய அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து நிரப்பிக் கொடுக்கும். எங்க தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் கொண்டுவந்த தென்னிந்திய ரயில்வேயும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். முதல் போட்டவனுக்கு நஷ்டமே கிடையாது. நஷ்டம் வந்தால் அது உழவனுடைய, உப்பு வரி கட்டினவனுடைய நஷ்டம்.

நீலகிரிக்கு வந்த முதலாளிகளும் அதையே எதிர்பார்த்தார்கள். அரசாங்கம் நிலத்தை இலவசமாகத் தருகிறேன் என்றது. அவர்கள் 4 சதவீதம் வருமானத்துக்கு உறுதி கொடு என்றார்கள். அரசாங்கம் மாட்டேன் என்றது. கம்பெனி அத்தோடு படுத்துவிட்டது. ஊட்டிக்கு ரயில் போட்டால் காசு வரும் என்று அந்த முதலாளிகளே நம்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா!

1885-இல் 25 லட்ச ரூபாய் முதலில் புதுக் கம்பெனி. லண்டனில் பணம் திரட்டவே வருஷங்கள் ஓடின. 1891 ஆகஸ்டில்தான் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். மூன்றே வருஷம். 1894-இல் அந்தக் கம்பெனி திவால். பாதி வெட்டிய மலையும் பாதி கட்டிய பாலமும் அப்படியே நின்றன. 1896-இல் இன்னொரு கம்பெனி வந்து அதை விலைக்கு வாங்கி, 1899 ஜூனில் ஒரு வழியாகக் குன்னூர் வரைக்கும் ரயிலை ஏற்றியது. ஓட்டுகிற வேலையை மெட்ராஸ் ரயில்வே பார்த்துக்கொண்டது. நாலு வருஷம் போகவில்லை. 1903 ஜனவரியில் அரசாங்கமே 35 லட்சம் கொடுத்து மொத்தப் பாதையையும் வாங்கிக்கொண்டது.

4 சதவீத உறுதி கொடுக்க மாட்டேன் என்ற அதே அரசாங்கம்தான். கடைசியில் மொத்த முதலையும் தானே போட்டது. அதற்கு மேல் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு நீட்டிக்க இன்னொரு 24 லட்சத்துக்கு மேல் செலவழித்தது. 1908 அக்டோபர் 15 அன்று ரயில் ஊட்டிக்கே போய்ச் சேர்ந்தது.

ஏன் வாங்கினார்கள்? ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம். வெயில் ஏறினால் கவர்னர், செக்ரட்டரிகள், ஃபைல்கள், குமாஸ்தாக்கள், சமையல்காரர்கள் எல்லாரும் மலையேறுவார்கள். பக்கத்தில் வெலிங்டனில் ராணுவம். அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. அரசாங்கத்துக்கு இது வண்டி இல்லை, வசதி. வசதிக்கு யாரும் லாப நஷ்டம் பார்ப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையில் வரி கட்டினவன் காசும் அதில்தான் போயிருக்கும்.

இந்த 1908 என்ற வருஷத்தைத் தூத்துக்குடிக்காரன் எவனும் சும்மா தாண்டிப்போக முடியாது.

அந்த வருஷம் ஜூலையில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் தண்டனை விதித்து, கோயம்புத்தூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் செக்கிழுத்தார். மலை ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு காலைப் பொழுதில் போய்விடுகிற தூரம்தான். ஊட்டிக்கு முதல் ரயில் போன அக்டோபர் மாசம் அவர் அந்தச் சிறைக்குள்தான் இருந்தார்.

அவர் நடத்திய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. முதல் 10 லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அப்போதெல்லாம் பாம்பன் பாலம் கிடையாது, அது 1914-இல்தான் வந்தது. மதராஸில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போகிறவன் தூத்துக்குடியில் இறங்கித்தான் கப்பல் ஏற வேண்டும். அந்தக் கடல்வழியை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனசில்லை. டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கினார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. கடைசியில் டிக்கெட்டும் வேண்டாம், ஏறினால் ஒரு குடையும் இலவசம் என்று வெள்ளைக்காரக் கம்பெனி அறிவித்த கதை எங்க ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவ்வளவு நஷ்டத்தை அவர்கள் தாங்கினார்கள். சுதேசிக் கம்பெனியால் தாங்க முடியவில்லை. வ.உ.சி. சிறையில் இருக்கும்போதே 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

நீலகிரியில் ஒரு கம்பெனி திவாலானது. அதை எடுத்துக்கொள்ள இன்னொரு கம்பெனி வந்தது, அதற்குப் பிறகு அரசாங்கமே வந்தது. தூத்துக்குடியில் ஒரு கம்பெனி சாய்ந்தது. அதைத் தள்ளிவிட்டதில் அரசாங்கத்துக்குப் பங்கு இருந்தது. இரண்டையும் வெறும் வரவு செலவாகப் படித்தால் ஒன்றும் விளங்காது. ஊட்டி ரயில் நஷ்டத்தில் ஓடுகிறது என்று இன்றைக்கு யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு கணக்கும் சேர்ந்துதான் ஞாபகம் வருகிறது. எந்த நஷ்டத்தைத் தாங்குவது, எதைத் தாங்க மாட்டேன் என்பது என்றுமே ஓர் அரசு எடுக்கிற முடிவு.

சரி, இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு செலவு? அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் "டிக்கெட் விலையை ஏத்தினா சரியாப் போயிரும்" என்கிறவர்கள் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கல்லாறு வரைக்கும் அது சாதாரண ரயில். கல்லாறு தாண்டியதும் 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். வழவழ தண்டவாளத்தில் வழவழ சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கிற இடத்தில் மற்றதன் இடைவெளி வரும். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல் சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து ஏறும். எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். கைப் பிரேக்கைச் சுற்ற ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மாற்று இல்லை. குன்னூர் வரைக்கும் வண்டி மணிக்குப் பத்துப் பதிமூன்று கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். சைக்கிள்காரன் முந்திவிடலாம், மலையில் மிதிக்கத் தெம்பு இருந்தால்.

இப்போது கூட்டிப் பாருங்கள். டிரைவர், பயர்மேன்கள், கார்டு, பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன். வழியில் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் போன்ற காட்டு ஸ்டேஷன்கள். மழைக்காலத்தில் தண்டவாளத்தில் விழுந்த கல்லையும் மரத்தையும் அப்புறப்படுத்த கேங்மேன்கள். அந்தக் காட்டில் யானையும் நடமாடும். இத்தனை பேர் உழைத்து மேலே கொண்டுபோவது நாலு பெட்டியில் ஏறக்குறைய இருநூறு பேரை. அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை. அதே இருநூறு பேரை நாலு பஸ்ஸில் நாலு டிரைவரும் நாலு கண்டக்டரும் பாதி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து அடுத்த நடைக்கும் நிற்பார்கள். மோட்டார் பஸ் மலைச்சாலையில் ஓடத் தொடங்கிய அன்றைக்கே இந்தப் போட்டி முடிந்துபோன ஒன்று.

எஞ்சின் கதை தனி. "எக்ஸ்" வகை என்று பெயர். சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவை. 1914-லிருந்து 1925-க்குள் 12 எஞ்சின், பிறகு 1952-இல் 5 எஞ்சின். மொத்தமே 17. நாலு சிலிண்டர். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தை ஓட்டும். அதில் வேலை முடித்து வெளியேறுகிற நீராவியே மற்ற இரண்டுக்குள் போய்ப் பல் சக்கரத்தைச் சுற்றும். கஞ்சத்தனமான, அழகான யோசனை. ஆனால் உலகத்தில் வேறு யாரும் இப்போது இதைச் செய்வதில்லை. ஒரு போல்ட் உடைந்தால் கடையில் வாங்க முடியாது. அச்சு வார்த்துக் கடைந்துதான் போட வேண்டும். முன்பாவது தமிழ்நாடு முழுக்க மீட்டர் கேஜ் இருந்தது. சக்கரம், அச்சு, பெட்டி உதிரி எல்லாம் எங்கேயாவது ஒரு பணிமனையில் கிடைக்கும். எங்க பக்கமெல்லாம் அகலப்பாதையாகி ரொம்ப வருஷம் ஆச்சு. இன்று தென்னக ரயில்வேயில் மீட்டர் கேஜில் ஓடுவது இந்த ஒரு மலைப்பாதைதான். முன்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவிக்கிடந்த செலவு இப்போது மொத்தமாக இந்த 46 கிலோமீட்டர் தலையில் விழுகிறது. நஷ்டக் கணக்கு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடுகிற இடம் இது.

பழைய சுவிஸ் எஞ்சின்கள் தேயத் தேய, நடுவழியில் நீராவி போதாமல் நின்றுபோவது வாடிக்கையானது. நம்ம நிலக்கரியில் சாம்பல் வேறே அதிகம். திருச்சி பொன்மலை பணிமனைதான் காப்பாற்றியது. 2002-இல் ஓர் எஞ்சினை எண்ணெயில் எரிகிற மாதிரி மாற்றினார்கள். 2011 முதல் 2014-க்குள் நாலு புது எண்ணெய் எஞ்சின்களையே அங்கே கட்டிவிட்டார்கள். உலகம் முழுக்க நீராவி எஞ்சினை மியூசியத்தில் வைத்துப் பூட்டிய பிறகு, 21-ஆம் நூற்றாண்டில், புதுசாக! 2021-இல் நிலக்கரியில் ஓடுகிற புது எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து வந்தது. இதையெல்லாம் செய்தவர்கள் பொன்மலை ஃபிட்டர்களும் வெல்டர்களும் கடைசல்காரர்களும். அவர்கள் ஓய்வுபெற்றுப் போனால் அந்தக் கைவேலை தெரிந்தவன் யார் என்பது பணத்தைவிடப் பெரிய கவலை. ஆனால் அந்தக் கவலைக்கும் கடைசியில் ஒரு சம்பளப் பட்டியல்தானே மருந்து.

இதற்கு மேல் மலை. 1993 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் நீலகிரியில் பெய்த மழை சாதாரண மழை இல்லை. மண் சரிந்து உயிர்கள் போயின. பாதை பெயர்ந்து தொங்கியது. மாதக்கணக்கில் ரயில் இல்லை. சின்னச் சின்னச் சரிவுகள் அனேகமாக ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் வரும். அப்போது ஒரு பைசா வரவு இருக்காது. செலவு மட்டும் இரட்டிப்பாகும். நம்மூர் உப்பளத்துக்கும் அதே மழைதான் எதிரி. ஆனால் பாத்தியைத் திரும்பக் கட்டிவிடலாம். இடிந்த பாலத்தை அப்படிக் கட்ட முடியாது.

2005-இல் யுனெஸ்கோ நீலகிரி ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டார்ஜிலிங் ரயிலுக்கு 1999-இல் கொடுத்த பட்டியலோடு இதைச் சேர்த்தார்கள். 2008-இல் கால்கா–சிம்லாவும் சேர்ந்தது. "யுனெஸ்கோ அங்கீகாரம்" என்றதும் பணம் கொட்டும் என்று பல பேர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பட்டியலில் சேர்ந்தால் பெயர் கிடைக்கும், கூட்டம் வரும், கூடவே கட்டுப்பாடும் வரும். பழைய பாலத்தை இடித்துவிட்டுச் சிக்கனமாக கான்கிரீட்டில் கட்ட முடியாது. நீராவி எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு எதையாவது ஓட்ட முடியாது. டார்ஜிலிங் ரயிலுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதித்தர யுனெஸ்கோ முன்வந்தபோதுகூட, அதற்கான பணத்தை இந்திய ரயில்வேதான் கொடுத்தது.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே பல் தண்டவாளம் கிடையாது. அங்கே டீசல் எஞ்சின். செலவு குறைவு. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு தினமும் சில நடை போகும். இந்தப் பகுதியில்தான் ஒரு காலத்தில் உள்ளூர்க்காரர்கள் தாராளமாக ஏறினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், காய்கறி மூட்டையோடு விவசாயிகள். சுற்றுலாக்காரனுக்கு இது பொம்மை ரயில். கேத்திக்காரனுக்கு இது பஸ் மாதிரி.

2018 அக்டோபரில் கட்டணம் ஏறியது. 15 ரூபாய் டிக்கெட் 75 ஆனது. ஒரே அடியில் ஐந்து மடங்கு. பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவருக்கு 75 ரூபாய் ஒன்றுமே இல்லை. அவர் ஊட்டியில் ஒரு காபிக்கு அதைவிட அதிகம் கொடுப்பார். அன்றாடம் ஏறி இறங்குகிறவன் கணக்கு வேறே. இவ்வளவு ஏற்றியும் செலவில் ஒரு மூலையைக்கூட அது நிரப்பாது. இருநூறு சீட்டு, ஒரு நடை. பெருக்கிப் பார்க்க நாலாங்கிளாஸ் படித்தால் போதும்.

கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நின்ற ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை. அந்த டிசம்பரில் திடீரென்று ஒரு படம் எல்லார் செல்போனிலும் வந்தது. மலை ரயில் பெட்டியில் "டிஎன் 43" என்று நீலகிரி வண்டி நம்பரைப் பேராகப் போட்டிருந்தார்கள். டிக்கெட் 3,000 ரூபாய். "ஊட்டி ரயிலைத் தனியாருக்கு வித்துட்டாங்க" என்று ஒரே கொந்தளிப்பு. அரசியல் கட்சிகள் எல்லாம் அறிக்கை விட்டன. தென்னக ரயில்வே விளக்கம் சொன்னது: விற்கவில்லை. ஒரு தனியார் நிறுவனம் முழு வண்டியையும் வாடகைக்கு எடுத்திருக்கிறது. கல்யாணத்துக்கு பஸ் பிடிக்கிற மாதிரி. வழக்கமான ரயில் வழக்கமான கட்டணத்தில் திரும்ப வரும். அந்த வருஷக் கடைசியில் வரவும் செய்தது.

அந்தச் சண்டையில் எனக்கு இரண்டு பக்கத்தோடும் முழுசா ஒத்துப்போக முடியவில்லை. வாடகைக்கு விடுவது தப்பில்லை. சினிமாக்காரர்களுக்கு விடுகிறார்களே. டேவிட் லீன் 1984-இல் எடுத்த "எ பாசேஜ் டு இந்தியா" படத்தில் இந்த ரயில் வரும். "தில் சே" படத்தில் ரயில் கூரைமேல் ஆடுகிற பாட்டும் இங்கே எடுத்ததுதான். பணக்காரனிடம் வாங்கி வண்டியை ஓட்டுவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மக்கள் ரயில் நின்றுகொண்டிருக்கிற மாசத்தில் 3,000 ரூபாய் ரயில் மட்டும் முதலில் ஓடினால், பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? எது முதலில் ஓடியது என்பதில்தான் கோபமே இருந்தது. ரயில்வேக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு தேசியப் பணமாக்கல் திட்டம் என்று ஒன்றை அறிவித்தபோது நாலு மலை ரயில்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. டார்ஜிலிங், கால்கா–சிம்லா, மாத்தேரான், நீலகிரி. குறிப்பிட்ட காலத்துக்குத் தனியாரிடம் கொடுத்து முன்பணம் வாங்குவது என்ற யோசனை. 1882-இல் முதலாளிகள் என்ன கேட்டார்கள் என்று மேலே சொன்னேன். உறுதியான வருமானம். இன்று வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். மலை சரிந்தால் செலவு யாருடையது என்ற ஒரே கேள்வியில் எந்த ஒப்பந்தமும் நின்றுவிடும், அல்லது அரசின் தலையிலேயே திரும்ப வந்து விழும்.

வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? வேல்ஸில் டாலித்லின் என்று ஒரு குட்டி ரயில். 1865-இல் பலகைக்கல் ஏற்றப் போட்டது. நஷ்டத்தையும் பொருட்படுத்தாமல் ஓட்டிவந்த அதன் சொந்தக்காரர் 1950-இல் இறந்துபோனார். மூடத்தான் போகிறது என்ற நேரத்தில் ரயில் பிரியர்கள் ஒரு சங்கம் வைத்து, 1951 முதல் தாங்களே சம்பளம் இல்லாமல் ஓட்ட ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே தொண்டர்கள் காப்பாற்றி ஓட்டிய முதல் ரயில் அது. பிள்ளைகளுக்குத் தெரிந்த "தாமஸ்" ரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி அங்கே தொண்டராக வேலை செய்தவர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கம் "பஃபிங் பில்லி". 1953-இல் மண் சரிந்து பாதை மூடியது. நஷ்டத்தில் ஓடுகிற பாதையைத் திரும்பக் கட்டுவானேன் என்று ரயில்வே கைவிட்டது. 1955-இல் சங்கம், 1962-இல் திரும்ப ரயில். 1977-இல் விக்டோரியா மாநில அரசு சட்டம் போட்டு அதற்கென்று தனி வாரியமே வைத்துக் கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு "நம்மளும் தொண்டர் வைத்து ஓட்டலாமே" என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஞாயிற்றுக்கிழமை வந்து கரி அள்ளிப்போடுகிறார், அவருக்குப் பென்ஷன் இருக்கிறது. இங்கே பன்னிரண்டில் ஒன்று ஏற்றத்தில், ஒரு பக்கம் பாதாளம் இருக்கிற பாதையில், பிரேக் பிடிக்கிறவன் சம்பளக்காரனாக, தினமும் அதே வேலை பார்க்கிறவனாகத்தான் இருக்க வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆனால் பஃபிங் பில்லியின் தனி வாரியம் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். இந்தியாவின் மலை ரயில்களுக்கென்று தனிக் கணக்கு, தனி ஒதுக்கீடு, தனிப் பயிற்சி இருந்தால், பொன்மலையில் ஒரு பல் சக்கரம் கடைய ஆகிற செலவு ஏதோ ஒரு கோட்டத்தின் "நஷ்டம்" என்ற பத்தியில் போய் விழாது. நாட்டின் மியூசியங்களுக்கும் கோயில் சிற்பங்களுக்கும் செலவழிக்கிற பத்தியில் வரும். மாமல்லபுரம் லாபத்தில் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

கட்டணத்தில் என் கருத்து இது. சுற்றுலா வருகிறவனிடம் இன்னும் வாங்கலாம், தப்பே இல்லை. டார்ஜிலிங்கில் கூம் வரைக்கும் போய்த் திரும்புகிற சின்ன உல்லாசச் சவாரிகளுக்கு நல்ல விலை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் குன்னூர்–ஊட்டி பகுதியில் உள்ளூர்க்காரனுக்கு ஒரு மலிவு டிக்கெட்டும், அவன் ஏற ஒரு பெட்டியும் கட்டாயம் இருக்க வேண்டும். அவன் ஏறுகிற வரைக்கும்தான் அது ரயில். 

இதை நான் தூத்துக்குடியிலிருந்து எழுதக் காரணம் இருக்கிறது. எங்க பக்கமும் ஒரு குட்டி ரயில் ஓடியது. குலசேகரன்பட்டினத்தில் பனங்கருப்பட்டியிலிருந்து சீனி எடுக்கிற ஆலை ஒன்றை வெள்ளைக்காரக் கம்பெனி நடத்தியது. அதற்காகப் போட்ட சின்னப் பாதை தேரிக்காட்டு ஓரமாகத் திசையன்விளை வரைக்கும் போனது. ஜனங்களும் ஏறினார்கள். ஆலை படுத்ததும் ரயிலும் படுத்தது. 1940 வாக்கில் எல்லாம் முடிந்தது. அங்கே கவர்னர் பங்களா இல்லை, குளிர்காற்று இல்லை, திவாலானதை வாங்கிக்கொள்ள அரசாங்கம் வரவில்லை. இன்று அதே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்டுகிறார்கள். அந்த ரயிலைப் பற்றிக் கேட்டால் "அப்படியா, ரயிலா?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள் சின்னப் பையன்கள்.

உப்பளக்காரரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த 75 ரூவா ரயிலுக்கு டிக்கெட் எங்க எடுக்கணும், வரிசை காலைல எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.